உயிரி மருத்துவக் கழிவு விதிகள், 2016: சிறிய மருத்துவமனைகள் அறிய வேண்டியவை

சுற்றுச்சூழலுக்கு இசைவான மருத்துவமனை என்றதும் பலருக்கும் கூரையில் சூரிய மின்தகடும் வளாகத்தில் மரக்கன்றும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. அவை இரண்டும் வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வரும் வரை காத்திருக்க நேரலாம். கழிவைப் பிறந்த இடத்திலேயே பிரிப்பதற்கு அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை, சட்டமும் அதற்கு அவகாசம் தரவில்லை. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு 2016 மார்ச் 28 அன்று அறிவித்து, 2018-லும் 2019-லும் திருத்திய உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சமுதாய நல மையம் போன்ற ஒரு சிறிய மருத்துவமனையிடம் என்ன கேட்கின்றன என்பதை இங்கே பார்க்கலாம்.

இந்த விதிகளுக்கு மருத்துவமனையின் அளவு பொருட்டல்ல. நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, ஒற்றை மருத்துவர் நடத்தும் கிளினிக், ரத்த வங்கி, ஆய்வகம், சித்த மருத்துவமனை, கால்நடை மருத்துவமனை, தடுப்பூசி முகாம், ரத்ததான முகாம், பள்ளியின் முதலுதவி அறை ஆகிய அனைத்தும் இவற்றுக்குள் அடங்கும். அந்த இடத்தின் நிர்வாகம் யார் கையில் இருக்கிறதோ அவரே பொறுப்பாளர். கழிவை எடுத்துச் செல்ல ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டுவிட்டதாலேயே அந்தப் பொறுப்பு அவரை விட்டு நீங்கிவிடுவதில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 2-இல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற்ற பிறகே கழிவைக் கையாளலாம். படுக்கை வசதி இல்லாத இடங்களுக்கு இந்த அங்கீகாரம் ஒருமுறை பெற்றால் போதுமானது. படுக்கை உள்ள மருத்துவமனைகளுக்கோ மருத்துவமனை இயங்க வாரியம் தரும் இசைவாணையின் காலத்தை ஒட்டிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

விதிகளின் மையம் நிறவாரியாகப் பிரித்தல். இது அட்டவணையில் படிக்கும்போது கடினமாகத் தோன்றும். ஒரு நோயாளிக்கு ஏற்றிய ட்ரிப்ஸைக் கழற்றும் நேரத்தில் செவிலியர் கையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் தெளிவாகிவிடும். காலியான பிளாஸ்டிக் குளுக்கோஸ் பாட்டிலும் அதன் குழாயும் சிவப்புப் பைக்குப் போக வேண்டும். ஊசியை வெட்டும் கருவியில் வைத்து வெட்டினால், ஊசி முனை துளைபடாத வெள்ளைக் கலனிலும், ஊசியற்ற சிரிஞ்ச் சிவப்புப் பையிலும் சேரும். ஊசி போட்ட இடத்தைத் துடைத்து எடுத்த ரத்தக்கறை படிந்த பஞ்சு மஞ்சள் பைக்கு உரியது. மருந்து இருந்த கண்ணாடிக் குப்பி நீலக் குறியிட்ட கலனுக்கு உரியது. அந்தக் குப்பியில் புற்றுநோய் மருந்து இருந்திருந்தால் மட்டும் அது மஞ்சளுக்கு மாறும். கழற்றி முடித்த கையுறை சிவப்பில் சேரும். சிரிஞ்ச் சுற்றி வந்த காகித உறையும் மருந்து வந்த அட்டைப்பெட்டியும் மருத்துவக் கழிவே அல்ல. அவை சாதாரணக் குப்பை. இத்தனையும் ஓரிரு நிமிடத்தில், நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நடந்து முடிகின்றன. அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் உரிய தொட்டிகள் இல்லையென்றால், வராந்தாவின் கடைசியில் எத்தனை வண்ணத் தொட்டிகளை வரிசையாக வைத்தாலும் பயனில்லை. பிரிக்காமல் வந்த கழிவைப் பிறகு ஒருவர் கையால் கிளறிப் பிரிப்பது ஊசிக்குத்து ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

இந்த நிறங்களுக்குப் பின்னால் உள்ள காரணத்தை ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் வராது. மஞ்சள் பையில் உள்ளவற்றில் பெரும்பகுதி எரியூட்டிக்குச் செல்கிறது. சிவப்புப் பையில் உள்ளவை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவி) அல்லது மைக்ரோவேவ் முறையில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, மறுசுழற்சிக்குச் செல்கின்றன. ஆகவே குழாயையும் கையுறையையும் மஞ்சளில் போட்டால் மீண்டும் பயன்படக்கூடிய பிளாஸ்டிக் எரிந்து வீணாகும், அதில் பி.வி.சி. எனும் குளோரின் கலந்த பிளாஸ்டிக் இருந்தால் எரியும்போது டயாக்சின், ஃபியூரான் எனப்படும் கடும் நச்சுகள் உருவாகும். குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் 2019 மார்ச் 27-க்குள் கைவிட வேண்டும் என்று விதி சொன்னதும் இதனால்தான். ரத்தப் பைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே பை கொள்முதல் செய்யும்போது நிறத்தை மட்டும் பார்த்து வாங்காமல், குளோரின் அற்றதா என்பதையும் கேட்டு உறுதி செய்து வாங்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். மருத்துவமனைகளில் சேரும் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு தீங்கற்ற சாதாரணக் கழிவு என்றும், எஞ்சிய 15 விழுக்காடே ஆபத்தானது என்றும் உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. அந்த 15-ஐ 85-உடன் கலந்துவிட்டால் மொத்தத்தையும் தொற்றுக் கழிவாகவே கருதிச் சுத்திகரிக்க வேண்டிவரும். உணவு மிச்சம், பழத்தோல், காகிதம், தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தனியே வாங்கி, திடக்கழிவு விதிகளின்படி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் நோயாளியுடன் தங்குவோரின் பங்கும் பெரிது. வார்டில் அவர்களுக்குப் புரியும்படி படத்துடன் ஒரு பலகை வைப்பது செலவில்லாத நல்ல ஏற்பாடு.

பிரித்த பின் செய்ய வேண்டியவை ஓரளவு எளியவை. ஒவ்வொரு பையிலும் கலனிலும் பார்கோடு இருக்க வேண்டும். சுத்திகரிக்காத உடற்பாகக் கழிவு, ரத்தக்கறை படிந்த கழிவு போன்றவற்றை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது; தவிர்க்க முடியாமல் வைத்திருக்க நேர்ந்தால், தீங்கு நேராதபடி உரிய ஏற்பாடு செய்து, காரணத்தையும் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 75 கிலோமீட்டருக்குள், பல மருத்துவமனைகளின் கழிவைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேவை கிடைக்குமானால் மருத்துவமனை தன் வளாகத்தில் சொந்தமாக எரியூட்டியோ சுத்திகரிப்பு அமைப்போ நிறுவ அனுமதி இல்லை. கொல்லைப்புறத்தில் குவித்துக் கொளுத்துவதற்கு எந்தச் சூழலிலும் இடமில்லை. பொது நிலையத்தின் சேவை எட்டாத தொலைதூரக் கிராமப் பகுதிகளுக்கு மட்டும், அங்கீகாரத்துடன், ஆழக் குழியில் புதைக்கும் முறை விலக்காக அனுமதிக்கப்படுகிறது.

ஆய்வகக் கழிவுக்கும் திரவக் கழிவுக்கும் தனிக் கவனம் வேண்டும். நுண்ணுயிர் ஆய்வகக் கழிவு, ரத்த மாதிரிகள், ரத்தப் பைகள் ஆகியவற்றை மருத்துவமனையிலேயே முதலில் கிருமி நீக்கிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். ஆய்வகத்திலிருந்தும் அறுவை அரங்கிலிருந்தும் வரும் திரவக் கழிவை நேரே சாக்கடையில் விடாமல், தோன்றும் இடத்திலேயே பிரித்து, முன்சுத்திகரிப்புச் செய்தபின் மற்றக் கழிவுநீருடன் சேர்க்க வேண்டும். பாதரச வெப்பமானி, பாதரச ரத்த அழுத்தமானி ஆகியவற்றை இன்னும் பயன்படுத்தும் இடங்கள் டிஜிட்டல் கருவிகளுக்கு மாற வேண்டும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும், இந்தியா 2018-இல் ஏற்புறுதி அளித்த மினமாட்டா பன்னாட்டு உடன்படிக்கை இவற்றின் உற்பத்தியையும் இறக்குமதி, ஏற்றுமதியையும் 2020-உடன் நிறுத்தச் சொல்கிறது.

இந்த விதிகளில் அதிகம் பேசப்படாத பகுதி ஊழியர்களின் உரிமை. என் பார்வையில் இதுவே மிக முக்கியமான பகுதியும்கூட. கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிர்வாகத்தின் கடமை. பணியில் சேரும்போதும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். பயிற்சிக்கும் அதே வரையறைதான்: சேரும்போது ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்றேனும். கையுறை, முகக்கவசம், காலணி முதலான பாதுகாப்புப் பொருட்களையும் நிர்வாகமே தர வேண்டும். மருத்துவப் பணியாளர்களோடு, கழிவைக் கையாளும் பிற அனைவரையும் விதி சேர்த்தே குறிப்பிடுகிறது. ஆகவே ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்பவர் அல்லர். ஊசி குத்திய செய்தியைத் திட்டுக்குப் பயந்து அவர் மறைக்க நேரும் மருத்துவமனையில் பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது நல்ல மருத்துவமனை ஆகாது. பெரிய விபத்து நேர்ந்தால் உடனே வாரியத்துக்குத் தெரிவித்து, எடுத்த நடவடிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் படிவம் 1-இல் எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். மற்ற விபத்துகளை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும்.

கண்காணிப்பைப் பொறுத்தவரை, 30 அல்லது அதற்கு மேல் படுக்கைகள் உள்ள மருத்துவமனைக்கு ஒரு குழு இருக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகள் சமுதாய நல மையத்துக்கு வகுத்த அளவு 30 படுக்கை என்பதால், அத்தகைய மையங்கள் சரியாக இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. அதற்குக் குறைவான இடங்களில் தகுதியுள்ள ஒருவரைப் பொறுப்பாக நியமித்தால் போதும். சனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டறிக்கையைப் படிவம் 4-இல் அடுத்த சூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பும் அதனுடன் செல்ல வேண்டும். பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

அரசு மருத்துவமனைகளுக்கு ஓர் ஊக்கமும் உண்டு. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய காயகல்ப் திட்டம் தூய்மை, தொற்றுக் கட்டுப்பாடு, கழிவு மேலாண்மை ஆகியவற்றை மதிப்பெண் இட்டுப் பரிசளிக்கிறது. குறைந்தது 70 விழுக்காடு பெற்ற மருத்துவமனைகளே பரிசுக்குத் தகுதி பெறும். கழிவுப் பிரிப்பைச் சரியாகச் செய்யும் மையம் அந்த மதிப்பீட்டுக்கென்று புதிதாக ஓட வேண்டியிராது.

விதியை மீறினால், 2023-ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இந்தத் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. தங்கள் பகுதி மருத்துவமனை எப்படி நடக்கிறது என்பதை அறிய விரும்பும் பொதுமக்கள் அதன் ஆண்டறிக்கையை மருத்துவமனையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதை அங்கே வெளியிட வேண்டும் என்பதும் விதியே. அரசு மருத்துவமனையானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பெறலாம். மருத்துவக் கழிவு தெருவிலோ நீர்நிலையிலோ கிடப்பதைக் கண்டால், இடம், நாள், முடிந்தால் பையின் பார்கோடு தெரியும் ஒளிப்படம் ஆகியவற்றுடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்துக்கும் எழுதலாம். மாவட்டந்தோறும் ஆட்சியர் அல்லது அவருக்கு இணையான அலுவலர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு இயங்க வேண்டும் என்றும், அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாநில ஆலோசனைக் குழுவுக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் இவ்விதிகள் வகுத்துள்ளன.