ஸ்பானிஷ் பேசும் நோயாளிக்கு அமெரிக்கச் சட்டம் தரும் மொழி உரிமை

1980-இல் ஃபுளோரிடாவில், சுயநினைவு தவறிய 18 வயது இளைஞரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தார் 'இன்டாக்ஸிகாதோ' என்றார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கியூபப் பேச்சில் பொருள். போதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போல் அது ஒலித்ததால், போதைமருந்து என்று எடுத்துக்கொண்டு மருத்துவம் பார்த்தார்கள். இருந்ததோ மூளையில் ரத்தக்கசிவு. அது தெரிவதற்குள் கைகால்கள் செயலிழந்துவிட்டன.

இப்படி நடக்காமலிருக்கத்தான் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவு இருக்கிறது. மெடிக்கேர் (முதியோருக்கான அரசுக் காப்பீடு), மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தோருக்கான அரசுக் காப்பீடு) போன்ற மத்திய அரசுப் பணம் வாங்கும் மருத்துவமனையோ கிளினிக்கோ காப்பீட்டு நிறுவனமோ, ஆங்கிலம் சரளமாக வராதவருக்குத் தேர்ந்த மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். நேரில் இல்லாவிட்டால் தொலைபேசியிலோ வீடியோவிலோ தரலாம்.

2024-இல் வந்த விதிகளில் முக்கியமானது பிள்ளைகளைப் பற்றியது. அம்மாவுக்குப் புற்றுநோய் என்று பத்து வயதுப் பெண் தன் வாயால் சொல்லும் நிலை பல குடும்பங்களில் இருந்திருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் அது வரக் கூடாது. ஒருவரின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ உடனடி ஆபத்து இருக்கும் அவசரத்தில், தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்வரை மட்டுமே மொழிபெயர்க்கச் சிறுவர்களை நம்பலாம். கணினி மொழிபெயர்த்த முக்கியமான மருத்துவக் குறிப்புகளையும் தகுதியுள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஒருமுறை' என்பதற்கு எழுதும் அதே நான்கு எழுத்துகள் ஸ்பானிஷில் 'பதினொன்று'. மருந்துச் சீட்டில் இது விளையாட்டல்ல.

சரி, மொழி தெரிந்த ஆள் வந்துவிட்டால் போதுமா? 'சுஸ்தோ' என்றொரு நோயை ஸ்பானிஷ் பேசும் நோயாளிகள் சொல்வார்கள். நம் ஊரில் பயந்த கோளாறு என்கிறோமே, அதைப் போன்றது. மருத்துவர் அதைக் காதுகொடுத்துக் கேட்க விதி எழுத முடியாது. அந்த இடைவெளியை 'ப்ரோமோதோரா' எனப்படும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள்தான் நிரப்புகிறார்கள். அப்புறம், குவாத்தமாலாவிலிருந்து வந்த எல்லாருக்கும் ஸ்பானிஷ் தெரியும் என்றில்லை. அங்குள்ள மாயா பழங்குடி மொழிகளில் ஒன்றான மாம் மொழி பேசுபவர் மாம் மொழியிலேயே உதவி கேட்கலாம்.

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக அறிவித்து, மொழி உதவி பற்றிய 2000-ஆம் ஆண்டு ஆணையை ரத்து செய்தார். 1557-ஆம் பிரிவு நாடாளுமன்றம் இயற்றியது. அந்த அறிவிப்பால் அது நீங்கவில்லை.

நேரம் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மறுத்தால் 180 நாளுக்குள் மத்திய சுகாதாரத் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் தரலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போயிருக்கும் நம் ஊர் அம்மா அப்பாவும் இதே சட்டப்படி தமிழில் உதவி கேட்கலாம்.