ஆப்பிள் பெட்டியில் வந்த கூகை

போன சித்திரையில் ஒரு ராத்திரி, மேலூர்ப் பக்கம் ஓட்டும் ஆட்டோக்காரர் ஒருவர் என் கால்நடைக் கிளினிக்குக்கு ஆப்பிள் பெட்டியோடு வந்தார். உள்ளே கூகை. ஊரில் சாக்குருவி என்று கல்லெறிவார்களே, அதேதான். நாலுவழிச் சாலையில் ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறது. பெட்டியில் காற்றுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள், அடியில் பழைய பனியன், மேலே சணல் கட்டு. "வழியெல்லாம் பாட்டே போடல டாக்டரம்மா. ரெண்டு சவாரி கை காட்டுச்சு, ஏத்தல" என்றார். உள்ளேயிருந்து டக் டக்கென்று அலகு அடிக்கும் சத்தம். கோபப்படத் தெம்பு இருக்கிறது, சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அதே வாரம் ஒரு மயில் காரில் வந்தது. கொண்டுவந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள். மடியில் வைத்துத் தடவிக்கொடுத்து, வழியில் நிறுத்தி வீடியோ எடுத்து, பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றியிருந்தார்கள். முறிந்திருந்தது ஒரு கால்தான். அதற்கு வைத்தியம் உண்டு. ஆனால் பறவைக்கு மூச்சுக்குழலின் வாசல் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே இருக்கிறது. துவண்டு கிடக்கும் பறவையின் வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். விடிவதற்குள் மயில் போய்விட்டது.

நாய்க்குட்டியைத் தடவினால் அதற்கு ஆறுதல். காட்டு உயிருக்கு நம் கை, தன்னைக் கவ்விவிட்ட இன்னொரு வாய். கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் இறங்கும் புள்ளிமானை நாய்கள் விரட்டும், நாம் மீட்போம், மேலே பெரிய காயமே இருக்காது, மறுநாள் செத்துக் கிடக்கும். பயத்தில் ஓடித் திமிறியதில் தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் கெடுத்துவிடுகிறது. அதனால்தான் மானைச் சொந்த வண்டியில் ஏற்றவே வேண்டாம் என்கிறேன். நாயை விரட்டிவிட்டு, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தி, வனத்துறை வரும்வரை காவல் இருந்தாலே பெரிய உதவி.

பறவை, அணில் மாதிரிச் சின்ன உயிர் என்றால் அந்த ஆட்டோக்காரர் செய்ததுதான் முறை. மூடிய அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. வெறும் செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கும். பூத்துவாலையின் நூலில் நகம் மாட்டும். பனியன் துணிதான் என் கட்சி. பருந்து, ஆந்தை வகைக்கு அலகைவிடக் கால் நகத்துக்குப் பயப்படுங்கள். தடித்த துணியைத் தலையோடு போர்த்தி எடுங்கள். டிக்கியில் வைக்காதீர்கள். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மதுரை வெயிலில் நீங்கள் கிளாஸை வைப்பதற்குள் உள்ளே அடுப்பாகிவிடும்.

அணில் குட்டிக்கு வேறு கணக்கு. கையில் எடுத்தால் சில்லென்று இருக்கிறதா, முதலில் சூடு. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு ஓரத்தில் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். உடம்பு சூடேறும் முன் பால் புகட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தப்பு. இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சுக்கோ வண்டியே வேண்டாம். அது பறக்கப் பழகுகிறது. பக்கத்து மரத்தில் தாய் இருக்கும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா கதை, தூக்கிக் கிளையில் வைக்கலாம். குரங்கையும் வௌவாலையும் வெறுங்கையால் தொடவே கூடாது. கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள். வயலில் இரண்டு மூன்று மயில் சேர்ந்தாற்போல் கிடந்தால் விஷத் தானியமாக இருக்கலாம். தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது வழக்காக வேண்டிய விஷயம்.

வண்டியை எடுக்கும் முன்னாலேயே வனத்துறைக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, இப்படிக் கைக்கு வந்த உயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் அதிகாரிக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். பாவம் பார்த்து வீட்டில் வைத்து வளர்த்தாலும் சட்டத்தின் கண்ணில் குற்றம்தான்.

அப்புறம், எங்கே எடுத்தீர்கள் என்பதை எழுதி வாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. வேறு இடத்தில் விட்டால் இரையும் தெரியாது, பொந்தும் தெரியாது. அந்த இடத்துக்காரப் பறவை வேறு துரத்தும். அழகர்மலை அடிவாரத்துத் தேவாங்கை நாகமலையில் விட்டால் அது காப்பாற்றியதில் சேராது. போன் லொகேஷனை அங்கேயே நின்று அனுப்பினால் போதும்.

ஆட்டோக்காரர் பெட்டி மேலேயே பேனாவால் எழுதியிருந்தார்: வெள்ளரிப்பட்டி தாண்டி, இடது கை, மொட்டைப் பனை. கூகைக்கு எலும்பு முறிவு இல்லை, சிறகில் ரத்தக்கட்டுதான். பத்து நாளில் தேறியது. வனக்காவலர் அந்த எழுத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அந்தி சாயும் நேரத்தில் அந்தப் பனையைத் தேடிப் போனார்.