இயற்கை ஏலத்தோட்டம் பார்க்கப் போகிறீர்களா? சரத்தைப் பாருங்கள்

கம்பத்திலிருந்து மலை ஏறிக் குமுளியைத் தொட்டதும் சாலையோரம் பலகைகள் வரிசை கட்டும்: 'ஸ்பைஸ் கார்டன்', '100% ஆர்கானிக்'. சீட்டு வாங்கி உள்ளே போனால் மிளகுக்கொடி, சாதிக்காய், வெனிலா, ஏலம் எல்லாம் காட்டி, கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விடுவார்கள். நான் இயற்கை வேளாண் சான்றளிப்பில் தோட்ட ஆய்வு செய்கிறவன். "அங்கே வாங்கினது நிஜமாவே ஆர்கானிக்கா?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பலகையை வைத்துச் சொல்ல முடியாது. செடியை வைத்து ஓரளவு சொல்லலாம்.

ஏலக்காய் உச்சியில் காய்ப்பதில்லை. தட்டையின் (தண்டின்) அடியிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும் சரம் என்கிற பூந்தண்டில்தான் காய்க்கும். குனிந்து ஒரு சரத்தைத் தூக்கிப் பாருங்கள். பிஞ்சிலேயே இலைப்பேன் என்கிற சிறு பூச்சி சுரண்டிய காயின் தோலில் பழுப்பாகச் சொறி படிந்திருக்கும். புத்தடியிலும் போடியிலும் நடக்கும் பொது ஏலத்தில் விற்க வரும்போது சொறிக்காய்க்கு விலை இறங்கிவிடும். அந்தப் பயத்தில்தான் பல எஸ்டேட்டுகளில் மாதம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். விடிவதற்குள் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏறித் தோட்ட வேலைக்குப் போகும் நம் சனங்கள்தான் அந்த மருந்தை முதலில் சுவாசிக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

ஆகவே, இயற்கைத் தோட்டம் என்கிற இடத்தில் அங்கங்கே சொறி இருந்தால் முகம் சுளிக்காதீர்கள். எல்லாக் காயும் மாசுமருவில்லாமல் இருந்தால், "இலைப்பேனுக்கு என்ன செய்றீங்க?" என்று கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் தண்டில் காய்ந்த சோகையை (இலையுறையை) உரித்துச் சுத்தம் செய்வது, வேப்பெண்ணெய், பூச்சியைக் கொல்லும் லெக்கானிசிலியம் பூஞ்சாணம் என்று விவரமாகப் பேசுவார். பூக்கும் காலத்தில் காலையில் போனால் தேனீ வருகிறதா என்றும் கவனியுங்கள். ஏலப்பூ காயாவதே தேனீயால்தான்.

பிறகு சான்றிதழ். ஏலம் போன்ற பல்லாண்டுப் பயிருக்கு ரசாயனத்தை விட்டு 3 ஆண்டுகள் கழிந்த பிறகே இயற்கை விளைபொருள் என்று சான்று கிடைக்கும். அதில் எந்த நிலம், எந்தப் பயிர், எந்தத் தேதிவரை என்பது இருக்கும். தோட்டத்து ஏலத்துக்கு வாங்கிய சான்று கடையில் தொங்கும் பட்டைக்கும் கிராம்புக்கும் பொருந்தாது. அவை வேறு ஊர்ச் சரக்காக இருக்கலாம். இயற்கை விளைபொருள் என்று விற்கும் பொட்டலத்தில் இயற்கை உணவுக்கான அரசு முத்திரையான 'ஜைவிக் பாரத்' இருக்கிறதா பாருங்கள்.

சிறு விவசாயி தான் விளைவித்ததை நேரடியாக உங்களிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆனால் அந்த முத்திரையை அவர் போட முடியாது. அப்படிப்பட்டவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன், காய் உலர்த்தும் ஸ்டோரைத் திறந்து காட்டினால். அங்கேயே நாலு காயை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று பச்சைச் சாயம் இறங்கினால் வாங்க வேண்டாம். காயில் செயற்கை நிறம் ஏற்றுவது சட்டப்படியே குற்றம்.