அட்டவணை அன்று, நேரங்குறித்தல்

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தை மொத்த வியாபாரி ஒருவரின் கணக்கு மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். அன்றைய கணக்கைப் பின்னிரவு 2 மணிக்குத் தானாகவே நகலெடுத்து வைக்கும் ஏற்பாடு அதில் உண்டு. ஆங்கிலத்தில் 'ஷெட்யூல்ட் டாஸ்க்' எனப்படும் இதைத் தமிழ்க் கையேடு 'அட்டவணைப்படுத்தப்பட்ட பணி' என்கிறது. 'பழைய அட்டவணையை நீக்கிவிட்டுப் புதியதை இடவும்' என்ற வரியைப் படித்த கடைப் பையன், மல்லி, பிச்சி, சம்பங்கி என்று வரிசையாக இருந்த விலை அட்டவணையை நீக்கிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, தரவுத்தளத்தில் அட்டவணை என்றால் அதுதான்.

ஆங்கில 'ஷெட்யூல்', சிறு தாள்துண்டைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சட்டத்தின் பின்னிணைப்பு, பட்டியல் என்று விரிந்து, பின்னரே நேரத்தைக் குறிக்கலாயிற்று. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளின் பட்டியல் என்பதால் அங்கே அச்சொல் பொருந்துகிறது. கணினியில் நாம் செய்வதோ ஒரு வேலைக்கு நேரம் குறிப்பது. மூலச்சொல்லின் முதற்பொருளை மட்டும் அகராதியில் பார்த்து, அது நிற்கும் இடத்தைப் பாராமல் பெயர்ப்பவர்களால் வரும் கேடு இது.

யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் இவ்வேலையைப் பார்க்கும் நிரலுக்குக் 'கிரான்' என்று பெயர்; காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். பணிகளை எழுதிவைக்கும் அதன் கோப்பை 'கிரான்டாப்', அதாவது கிரான் அட்டவணை, என்பதால் அட்டவணை சரியே என வாதிடுவோர் உண்டு. அந்தக் கோப்பு அட்டவணையாக இருக்கலாம், அதில் எழுதப்பட்ட பணி எப்படி அட்டவணையாகும்? ஒவ்வொரு வரியும் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்னும் ஐந்தையும் சொல்லிய பிறகே கட்டளையைச் சொல்கிறது. கல்யாணப் பத்திரிகையில் நாம் எழுதுவதும் ஏறக்குறைய இவற்றைத்தானே? நாள் குறித்தல், நேரம் குறித்தல் என்று நம் வீடுகளில் நாளும் புழங்கும் சொல் கையருகே இருக்க, 'படுத்தப்பட்ட' என்று நீட்டி முழக்குவது எதற்காக?

'இரவுப் பணி' என்பாரும் உளர். அது காவலாளியின் வேலையைக் குறிக்கும். மேலும், இதே பணியை நண்பகலுக்கும் வைக்கலாம். 'தொகுதிச் செயலாக்கம்' என்பது பலவற்றைச் சேர்த்து ஒருங்கே முடிப்பது, அது வேறு.

ஆகவே 'நேரங்குறித்த பணி' என்றே எழுதுகிறேன். அதை இயக்கும் நிரல் 'நேரங்குறிப்பி'. கடையின் கணினிக்கு மேலே இப்போது ஒட்டியிருக்கும் தாளில், 'பின்னிரவு 2 மணிக்கென்று நேரங்குறித்த பணியை மட்டும் நீக்கவும். விலை அட்டவணையைத் தொட வேண்டாம்' என்று உள்ளது. பையன் அதைப் படித்துவிட்டு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.