பாலைவனப் பல்லிக்கும் ஈரம் வேண்டும்

வட சென்னையில் கால்நடை மருத்துவம் பார்க்கும் என்னிடம் நாய், பூனை, புறாவோடு இப்போது வெளிநாட்டுப் பல்லிகளும் வருகின்றன. பெரும்பாலும் பியர்டட் டிராகன், அடுத்தபடியாக லெப்பர்ட் கெக்கோ. வளர்ப்பவர்கள் அனேகமாகக் கல்லூரிப் பிள்ளைகள், காசு சேர்த்து வாங்கி ஆசையாகப் பார்த்துக்கொள்பவர்கள். தண்ணீர் காட்டுகிறீர்களா என்று கேட்டால், "பாலைவனத்துல இருக்குறதுதானே டாக்டர், தண்ணியே வேணாம்னு சொன்னாங்களே" என்பார்கள். இந்த நம்பிக்கையால் அதிகம் பாதிக்கப்படுவது முட்டையிடும் பெண் பல்லிகள்.

பாலைவனத்தில் மேல் மணல்தான் கொதிக்கும். வளை தோண்டி உள்ளே போனால் சூடு குறைந்து, காற்றிலும் மண்ணிலும் ஈரம் கூடும். உச்சி வெயிலை அங்கே கழிப்பதால்தான் பல்லியின் உடம்பில் நீர் தங்குகிறது. நம் தார் பாலைவனத்தில் வாழும் சாண்டா என்ற பல்லி, வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே கிடக்கும். (வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 காக்கும் விலங்கு அது. அதன் பெயரைச் சொல்லி விற்கும் எண்ணெயைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.) ஆஸ்திரேலியாவின் முள் பல்லி தேங்கிய நீரில் நின்றாலே போதும், செதில்களுக்கு இடையே ஓடும் நுண்ணிய பள்ளங்கள் வழியாக நீர் தானாக வாய் வரை ஏறிவிடும். பியர்டட் டிராகன் மழையில் பின்பக்கத்தை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி நின்று, முதுகிலிருந்து வழிந்து வருவதைக் குடிக்கும். அமெரிக்கப் பாலைவனங்களின் சக்வாலா இனத்தில், மழை பொய்த்த ஆண்டில் பல பெண் பல்லிகள் முட்டையே வைப்பதில்லை. பசுந்தழை இல்லாத காலத்தில் அதற்கு உடம்பு இடம் கொடுக்காது.

முட்டை விஷயத்தைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் முட்டைக்குக் கெட்டியான சுண்ணாம்பு ஓடு உண்டு. பரண் மூலையிலோ மின்பெட்டிக்குப் பின்னாலோ காய்ந்த இடத்தில் கிடந்தாலும் பொரிந்துவிடும். பியர்டட் டிராகன், லெப்பர்ட் கெக்கோ முட்டைகள் அப்படியில்லை. அவற்றின் ஓடு மெல்லிய தோல். சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி நாளாக ஆக எடை கூடும். மண் காய்ந்தால் முட்டை குழிந்து, உள்ளிருக்கும் கரு செத்துப்போகும். ஈரம் மிகுந்து சொதசொதவென்று இருந்தால் பூஞ்சை பிடிக்கும், கருவுக்கு மூச்சும் முட்டும்.

இது தாய்க்குத் தெரியும். அதனால் தோண்டத் தோதான ஈரமண் கிடைக்கும்வரை முட்டையை வயிற்றிலேயே அடக்கி வைத்திருக்கும். கண்ணாடித் தொட்டியில் வெறும் செய்தித்தாளும் டைல்ஸும் மட்டும் இருந்தால் எங்கே தோண்டும்? மூலையை மூலையைப் பிறாண்டும், சாப்பாட்டை நிறுத்தும், வயிறு உப்பிச் சோர்ந்துவிடும். அந்த நிலையில் வருகிறவற்றுக்கு எக்ஸ்ரே எடுத்து, கால்சியமும் நீரும் ஏற்றிப் பார்க்கிறோம். பலன் இல்லாவிட்டால் அறுவை சிகிச்சைதான். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆண் துணையே இல்லாமல் வளரும் பெண்ணும் கருவில்லா முட்டை வைக்கும். ‘எங்களிடம் ஒன்றுதானே இருக்கிறது’ என்று விட்டுவிட முடியாது.

தீர்வு எளிது. பல்லி முழுசாக நுழைந்து தோண்டும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு சாண் ஆழத்துக்கு மணலும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. லெப்பர்ட் கெக்கோவுக்கு ஈரப் பாசியோ ஈரத் துணியோ வைத்த சிறு மறைவிடம் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் தோல் சரியாக உரியாமல் விரல்களைச் சுற்றி இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். அப்புறம் முட்டைகளை எடுத்து வைக்கும்போது திருப்பிப் போடாதீர்கள். மேலே இருந்த பக்கம் மேலேயே இருக்க வேண்டும்.

சரி, சென்னையில்தான் காற்றெல்லாம் ஈரமாயிற்றே என்று கேட்கலாம். அந்த ஈரம் வேறு. ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்று வீசும் வீட்டில், மூடிய தொட்டியில், பல்லி ஒதுங்க ஓர் உலர்ந்த மூலைகூடக் கிடைக்காது. பியர்டட் டிராகனுக்கு ஏற்றது 30 முதல் 40 சதவீத ஈரப்பதம். நம் ஊரில் அது சாதாரணமாகவே 70ஐத் தாண்டும். நுரையீரல் தொற்று அப்படித்தான் வருகிறது. இதற்கு நேர்மாறாக, கொளத்தூரிலோ பெரம்பூரிலோ ஏசி அறையில் ஹீட் லேம்ப் போட்டு வளர்த்தால் பல்லி உலர்ந்துபோகும்: கண் குழியும், தோல் சுருங்கும், எச்சத்தின் வெள்ளைப் பகுதி கல்லாக இறுகும். நீர் குறைந்தால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டிலும் படிந்துவிடும். பகுதிக்குப் பகுதி பராமரிப்பு மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை வாங்கித் தொட்டிக்குள் வையுங்கள். வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் மேல்மூடியைக் கம்பி வலையாக மாற்றுங்கள். பகலில் விளக்கு எரியட்டும், தண்ணீர்க் கிண்ணத்தை விளக்கிலிருந்து தள்ளி வையுங்கள். முட்டை டப்பாவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விளக்கடியில் வாய் திறந்து உட்கார்ந்திருப்பது உடல் சூட்டைத் தணிக்கத்தான், பயப்பட வேண்டாம். விளக்கை விட்டு நகர்ந்த பிறகும் வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கில் சளிக்குமிழ் தெரிந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.