அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்

போன மாதம் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்காரர் ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பிராசசரை மாத்தினதுக்கு அப்புறம்தான் இன்னும் ஸ்லோவா இருக்கு. நாலு கோர்னு சொல்லித்தானே வித்தான்?"

விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷின். அதிலிருந்த ஈ7500 கோர் 2 டூயோ என்ற இரண்டு கோர் பிராசசரைக் கழற்றிவிட்டு, செகண்ட் ஹேண்டில் க்யூ6600 என்ற நாலு கோர் பிராசசர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார். கோர் என்பது பிராசசருக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பகுதி. விண்டோஸை மறுபடி போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் டேபைத் திறந்தேன். கோருக்கு ஒன்றாக நான்கு கட்டம் தெரிய வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸில் போய்ப் பார்த்தால் நான்கு கோரும் சரியாகவே இருந்தன. யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அமுக்கி, எம்எஸ்கான்ஃபிக் என்று எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்தேன். பூட் டேப், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். 'நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்' என்ற இடத்தில் ஒரு டிக், கீழே 2.

"அண்ணே, இதை யாரு வச்சது?"

"மச்சினன் பையன். டூயல் கோர் இருந்தப்போ, இதை ரெண்டுன்னு வச்சாத்தான் ரெண்டு கோரும் வேலை செய்யும்னு ஏதோ வீடியோவுல பார்த்தானாம்."

இதே கதையோடு வருகிறவர்கள் நிறைய. டிக் இல்லாவிட்டால் விண்டோஸ் தனக்குக் கிடைக்கிற எல்லா கோரையும் தானே எடுத்துக்கொள்ளும். டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) எழுதுபவர்கள் 'ஒரே கோரில் ஓட்டினாலும் இந்தக் கோளாறு வருகிறதா' என்று சோதித்துப் பார்க்க வைத்த இடம் அது. அங்கே கோரைக் குறைக்க முடியுமே தவிரக் கூட்ட முடியாது. இரண்டு கோர் மெஷினில் 2 என்று வைத்ததால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. நாலு கோர் வந்ததும் அதே 2 கடிவாளமாகிவிட்டது. போதாததற்கு, ஈ7500 ஓடுவது 2.93 கிகாஹெர்ட்ஸில், க்யூ6600 ஓடுவது 2.4-ல். காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொண்ட கதைதான்.

டிக் அடித்ததும் அங்கே முதலில் வந்து நிற்பது 1. கவனிக்காமல் ஓகே கொடுத்துவிட்டு, டூயல் கோரை ஒற்றைக் கோராக ஓட்டிக்கொண்டிருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே 'மேக்சிமம் மெமரி' என்று இன்னொரு டிக் இருக்கிறது. அதையும் தொடாதீர்கள். அளவைக் குறைத்து வைத்தால் விண்டோஸ் பூட்டே ஆகாமல் போகலாம்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து மிச்சம் என்பது என் ஊகம். 2005-ல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 என்று டூயல் கோர் பிராசசர்கள் வந்தபோது பிராசசரை மட்டும் மாற்றியவர்கள் உண்டு. ஒற்றைக் கோர் இருந்தபோது போட்ட எக்ஸ்பி, டிவைஸ் மேனேஜரில் 'கம்ப்யூட்டர்' என்பதன் கீழ் 'யூனிபிராசசர்' (ஒற்றை பிராசசர்) என்றே காட்டிக்கொண்டிருக்கும். அதை 'மல்டிபிராசசர்' ஆக்க வேண்டியிருந்தது. தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த பூட்டில் கறுப்புத் திரைதான். வீட்டு உபயோகத்துக்கான எக்ஸ்பி ஹோமில் டூயல் கோர் ஓடாது என்றும் அப்போது ஒரு பேச்சு. ஹோம் கணக்குப் பார்த்தது பிராசசரைப் பொருத்தும் சாக்கெட்டை, கோரை அல்ல.

சரி, டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்தேன். நான்கு கட்டமும் வந்தன. கடைக்காரருக்கு முகம் மலர்ந்தது. பத்திரிகை டிசைன் பண்ணும் அவருடைய பழைய சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு வேலையை ஓடவிட்டோம். மொத்த சிபியூ உபயோகம் 25 சதவீதத்தில் போய் நின்றது, அதற்கு மேல் ஏறவே இல்லை. ஒரு கோரை மட்டுமே பயன்படுத்தத் தெரிந்த சாஃப்ட்வேர் அது. மீதி மூன்று கோரால் அதற்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அண்ணே, அந்தப் பழைய பிராசசரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"கல்லாப் பெட்டியிலதான் கிடக்கு" என்றார்.