ஓடும் நீரில் நிலைகொள்ளும் மீன்கள்: ஃப்ளோரிடாக் கரையில் ஸ்நூக்கும் டார்ப்பனும்

ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையிலுள்ள செபாஸ்டியன் முகத்துவாரத்தின் கற்சுவர் மீது முதன்முதலாகத் தூண்டிலுடன் நிற்பவரை ஏமாற்றுவது மீனன்று, அவர் கையிலிருக்கும் ஓத அட்டவணைதான். கடல் மட்டம் எத்தனை மணிக்கு உச்சத்தைத் தொடும் என்பது அதில் நிமிடக் கணக்கோடு இருக்கிறது. அந்த நிமிடம் கடந்ததும் நீர் கடலை நோக்கித் திரும்பிவிடும் என்று அவர் காத்திருக்கிறார். நீரோ ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உள்நோக்கியே பாய்ந்துகொண்டிருக்கிறது.

அட்டவணையில் பிழை ஏதுமில்லை. அது சொல்வது நீரின் உயரத்தை. நீரின் ஓட்டத்தை அன்று. முகத்துவாரத்துக்கு உட்புறம் இருப்பது இந்தியன் ரிவர் என்று அழைக்கப்படும் காயல். ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் இந்தக் காயலுக்குக் கடலோடு தொடர்பு சில குறுகிய வாய்களின் வழியாக மட்டுமே. வெளியே கடல் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும் வேளையில், அவ்வளவு பெரிய பரப்பை அவ்வளவு சிறிய வாயால் நிரப்ப நேரம் போதாது; அதனால் காயலின் மட்டம் அதில் சிறு பங்கே உயர்கிறது. கடல் தன் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிய பின்னும் காயலைவிட உயரமாகவே இருக்கிறது. இரு மட்டங்களும் சமமாகும் வரை நீர் உள்ளேதான் போகும். வற்றத்தின்போதும் இதே கதைதான்: கடல் மிகத் தாழ்ந்த நிலையைத் தொட்டு மீண்டும் ஏறத் தொடங்கிய பிறகும் காயல் நீர் வெளியே வழிந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகம் ஓத உயரங்களுக்கு ஒரு கணிப்பும் ஓத நீரோட்டங்களுக்கு வேறொரு கணிப்பும் வெளியிடுவது இதனால்தான். கரையில் நிற்பவருக்கு உதவுவது இரண்டாவது கணிப்பு.

படகுக்காரர் மீனைத் தேடிப் போகலாம். கரையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது; அவர் வீசும் தூரம் ஐம்பது அறுபது மீட்டர். ஆயினும் ஸ்நூக், டார்ப்பன் என்ற இரண்டு மீன்களும் கரையிலிருந்தே பிடிபடுவதற்குக் காரணம், அவையும் ஏறக்குறைய அவரைப் போலவே ஓரிடத்தில் நின்று நீர் கொண்டு வருவதற்காகக் காத்திருப்பவை என்பதே. ஸ்நூக் விஷயத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

நீண்ட மூக்கும், முன்தள்ளிய கீழ்த்தாடையும், செவுளிலிருந்து வால் நுனி வரை மையால் இழுத்தது போன்ற ஒரு கறுப்புக் கோடும் கொண்ட மீன் ஸ்நூக். அந்தக் கோடு வெறும் அழகன்று. அது பக்கக்கோடு என்னும் புலனுறுப்பின் பாதை. அருகில் நீர் அசைவதை மீன் அதன் வழியே உணர்கிறது. ஓடும் நீரில் ஓரிடத்தில் நிற்பது மீனுக்குச் செலவுள்ள வேலை. நீரின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகவும், அதைச் சமாளிக்கத் தேவையான திறன் ஏறத்தாழ மும்மடியாகவும் உயர்கின்றன. நீரின் வேகம் இருமடங்கானால் மீன் எட்டு மடங்கு உழைக்க வேண்டும். ஆகவே ஸ்நூக் வேகமான நீரில் நிற்பதில்லை, வேகமான நீருக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாலத் தூணுக்குப் பின்னால் சுழன்று தளரும் நீர், தூணின் முன்புறம் மோதித் தயங்கும் சிறு மெத்தை போன்ற நீர், பாறைகளுக்கு இடையிலுள்ள பள்ளம், உராய்வால் மெதுவாகும் அடித்தள நீர் ஆகிய எல்லாமே அதற்குத் தங்குமிடங்கள். ஒரு முழம் தள்ளி, விரைந்து ஓடும் நீர் இறாலையும் மடவைக் குஞ்சுகளையும் அள்ளிக்கொண்டு வருகிறது. மீன் ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கிறது, ஒன்று கடக்கும்போது பாய்கிறது, மீண்டும் பழைய இடத்துக்கே வருகிறது.

இதைப் புரிந்துகொண்டவர் இரையை நீர் வரும் பக்கமாக வீசி, நீரின் வேகத்திலேயே மிதந்து வரவிடுகிறார். ஓட்டத்துக்கு எதிராக நீந்தி வந்து மீனின் வால்புறத்திலிருந்து நெருங்கும் இறால் இயற்கையில் இல்லை. அப்படி வரும் இரையை ஸ்நூக் பொதுவாகத் தொடுவதில்லை. எடையைத் தேர்வதும் இங்கேதான் நுட்பமாகிறது. கனத்த ஈயம் இரையைத் தரையில் ஊன்றிவிடும். மிக இலேசானது மீனின் தலைக்கு மேலே கடந்துபோய்விடும். அடியை அவ்வப்போது தட்டிக்கொண்டே நகரும் அளவுதான் சரியான அளவு. அது ஓட்டத்தின் வேகத்தோடு மாறுவதால், அனுபவமுள்ளவர்கள் ஒரு மாலைக்குள்ளேயே மூன்று நான்கு முறை எடையை மாற்றுவார்கள்.

இரவில் பாலங்களின் கீழ் இன்னொரு எல்லை உருவாகிறது. விளக்கொளி நீரில் விழும் பகுதிக்கும் பாலத்தின் நிழலுக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற கோடு விழும். ஒளியை நாடி மிதவை உயிரிகளும், அவற்றை நாடி இறாலும் சிறு மீன்களும் கூடுகின்றன. இருட்டின் விளிம்பில், ஓட்டத்தை எதிர்நோக்கி வரிசையாக ஸ்நூக் நிற்கும். வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, இருளிலிருந்து வெளிச்சத்தைப் பார்ப்பவருக்கு எல்லாம் தெரியும். தெருவிளக்கின் கீழ் நின்ற எவரும் அறிந்த இந்த உண்மையே அங்கு வேட்டை முறையாகியிருக்கிறது.

ஸ்நூக் இரையைக் கடிப்பதைவிட உறிஞ்சுகிறது என்பதே சரி. வாயையும் செவுள் மூடிகளையும் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிக்கும்போது வாய்க்குள் அழுத்தம் குறைந்து, முன்னாலுள்ள நீர் இரையோடு சேர்ந்து உள்ளே பாய்கிறது. நீர்ப்பரப்பில் இது நடந்தால் ‘டப்’ என்று தக்கை தெறிப்பது போன்ற ஓசை கேட்கும். தூண்டில் நரம்பு விறைப்பாக இருந்தால் இரை நீரோடு போக முடியாமல் தடைபடும். எனவேதான் சற்றுத் தளர்வாக விடச் சொல்கிறார்கள். அந்த ஓசையைக் கேட்ட மறுகணமே தூண்டிற்கோலை வெட்டி இழுப்பவர்கள் இரையை மீனின் வாயிலிருந்து தாங்களே பிடுங்கிவிடுகிறார்கள்.

கோடையில் காட்சி மாறுகிறது. இனப்பெருக்கத்துக்காக முகத்துவாரங்களை நோக்கி வரும் ஸ்நூக், அவற்றை அடுத்த மணற்கரைகளில் அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய பள்ளத்தில் உலவும். முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில், கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மீன் நீந்திப் போவதைக் காணலாம். புதிதாக வருபவர் செய்யும் முதல் தவறு நீருக்குள் இறங்குவது; மீனைத் தாண்டி நின்றுகொண்டு கடலை நோக்கி வீசிக்கொண்டிருப்பார்.

இங்கு ஒளியியல் உதவிக்கு வருகிறது. நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் ஏறத்தாழ 97 பாகை விரிவுள்ள ஒரு கூம்புக்குள் அடங்கித் தெரிகிறது. அதற்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடியாகி அடித்தரையையே பிரதிபலிக்கும். தொடுவானத்தை ஒட்டிய பொருள்கள் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கலாகவே தெரியும். பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளின் தலை நீர்ப்பரப்பிலிருந்து 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அலை கலக்கிய நீரில் மீன் அவரைப் பிரித்தறிவது கடினம். நீரோரத்தில் வந்து நிற்பவரோ கூம்பின் நடுப்பக்கத்துக்கு ஏறிவிடுகிறார். ஈர மணலிலிருந்து விலகி நடந்து, கரைக்கு இணையாக வீசுவதே இங்கு சரியான முறை.

கண்ணுக்குத் தெரியாத நரம்பு என்று விற்கப்படும் ஃப்ளோரோகார்பன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளோரோகார்பனுடையது 1.42, நைலானுடையது சுமார் 1.53. ஆகவே அது நைலானைவிட நீருக்குள் குறைவாகத் தெரியும் என்பது உண்மை, தெரியவே தெரியாது என்பது விளம்பரம். என் கணிப்பில் அதன் மெய்யான பயன் உராய்வைத் தாங்குவதே. ஸ்நூக்கின் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு போன்றது; மெல்லிய பின்னல் நரம்பு அதில் பட்டால் அறுந்துவிடும். அதனால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் ஒரு கைவீச்சு நீளத்துக்கு லீடர் எனப்படும் தடித்த நரம்பைக் கட்டுகிறார்கள்.

ஸ்நூக் முகத்துவாரத்தில் கூடுவதற்கும் உப்புக்கும் தொடர்பு உண்டு. அதன் விந்தணுக்கள் உப்பு நீரில்தான் உயிர்ப்புறும்; முட்டைகள் மிதப்பதற்கும் போதிய உப்பு வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளை ஓத ஏற்றம் காயலுக்குள் கொண்டு சேர்க்க, அவை அலையாத்தி வேர்களிடையே வளர்கின்றன. ஸ்நூக் ஆணாகவே வளரத் தொடங்கிப் பின்னர் பெண்ணாக மாறும் மீன். நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவும் அப்படியே. இரண்டையும் முன்னர் ஒரே குடும்பத்தில்தான் வகைப்படுத்தியிருந்தார்கள். பெரிய மீன்களில் பெரும்பாலானவை பெண்கள் என்பதால் குறைந்தபட்ச அளவு மட்டும் விதித்தால் போதாது. ஃப்ளோரிடாவின் அட்லாண்டிக் கரையில் 28 அங்குலத்துக்கும் 32 அங்குலத்துக்கும் இடைப்பட்ட, அதாவது சுமார் 71 முதல் 81 சென்டிமீட்டர் வரையிலான மீனை மட்டுமே, அதுவும் பிடிக்க அனுமதியுள்ள பருவத்தில் ஆளுக்கு ஒன்று வீதம், எடுத்துச் செல்லலாம். சிறியதும் பெரியதும் நீருக்கே திரும்ப வேண்டும்.

இந்த மீனின் பலவீனம் குளிர். நீரின் வெப்பநிலை 15 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கும்போது அது இரையெடுப்பதை நிறுத்துகிறது. மேலும் இரண்டு மூன்று பாகை குறைந்தால் சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்கிறது. 2010 ஜனவரியில் நீடித்த குளிர் அலையில் ஸ்நூக் பெருமளவில் செத்து மிதந்தன. ஃப்ளோரிடாவின் மேற்கிலுள்ள வளைகுடாக் கரையில் அவற்றை எடுத்துச் செல்வதற்கான தடை 2013 செப்டம்பர் வரை நீடித்தது.

டார்ப்பன் வேறு வகை. இரண்டு மீட்டரைத் தாண்டி வளரும், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும் இந்த வெள்ளி மீனின் பேரினப் பெயரான மெகலாப்ஸ் என்பதற்குப் பெரிய கண்ணுடையது என்று பொருள். அதன் உடலில் வியப்பானது காற்றுப்பை. மற்ற பெரும்பாலான மீன்களுக்கு மிதவையாக மட்டும் பயன்படும் இந்தப் பை, டார்ப்பனில் இரத்த நாளங்கள் செறிந்த நுரையீரல் போன்ற திசுவைக் கொண்டு உணவுக்குழாயோடு இணைந்திருக்கிறது. மீன் நீர்ப்பரப்புக்கு வந்து புரண்டு, ஒரு வாய்க் காற்றை விழுங்கிச் செல்கிறது. விடியற்காலையில் அமைதியான நீரில் வெள்ளி முதுகுகள் மெல்ல எழுந்து அமிழ்வதைக் கண்டே அங்கு கூட்டம் இருப்பதை அறிகிறார்கள். விலாங்கைப் போலவே இதன் இளவுயிரியும் கண்ணாடி போன்ற தட்டை நாடா வடிவம் கொண்டது. கடலில் பிறந்து கரைக்கு மிதந்து வந்து, சுருங்கி, பிறகுதான் மீன் வடிவம் பெறுகிறது. உயிர்வளி குறைந்து நாறும் அலையாத்திக் குட்டைகளில் குஞ்சுகள் வளர்கின்றன. காற்றைச் சுவாசிக்க முடியாத பகைவர்களால் அங்கே வர இயலாது.

தூண்டிற்கோலும் நரம்பைச் சுற்றும் ரீலும் கொண்டு டார்ப்பனைப் பிடிக்கும் விளையாட்டு ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் 1885-இல் புகழ் பெற்றது. இன்றும் முள்ளில் மாட்டியவற்றில் பாதிக்குமேல் தப்பிவிடும் என்பதே இதைப் பிடிப்பவர்களின் பொதுவான அனுபவம். வாயின் உட்புறம் எலும்புத் தகடு; முள் இறங்குவதற்குச் சதையே இல்லை. வட்ட முள் இதற்கு ஓரளவு விடை. அதன் முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் வாய்க்குள் எங்கும் மாட்டாமல் வழுக்கி வந்து, தாடையின் மூலையில் திரும்பும்போதுதான் குத்துகிறது. மென்மையான திசு இருப்பதும் அங்கேதான். வெட்டி இழுக்காமல் சீராகச் சுற்றினாலே போதும்.

பிறகு மீன் தாவுகிறது. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீருக்குள் தலையை உதறும் மீனை அந்த நீரே தடுத்து வேகத்தைக் குறைக்கிறது. காற்றில் அந்தத் தடையில்லை. அதே தசைகள் அதே தலையைப் பன்மடங்கு வேகமாக உதறும்போது, விறைத்த நரம்பில் ஏற்படும் திடீர் வெட்டு முள்ளைப் பிடுங்கும், அல்லது நரம்பை அறுக்கும். பின்னல் நரம்பு நைலானைப் போல நீளாது என்பதால் அந்த அதிர்ச்சி சிறிதும் குறையாமல் வந்து சேரும். எனவே மீன் எழும் கணத்தில் கோலை மீனை நோக்கித் தாழ்த்தி, குனிந்து வணங்குவது போல நரம்பைத் தளர்த்துகிறார்கள். தளர்ந்த நரம்பு விசையைக் கடத்தாது என்பதற்கு மேல் இதில் மர்மம் ஒன்றுமில்லை.

போராட்டத்தின் நடுவே மீன் மேலே வந்து காற்றை விழுங்குவதைப் பலர் களைப்பின் அறிகுறி என்று நினைக்கிறார்கள். மீன் அப்போது உயிர்வளியை நிரப்பிக்கொண்டு அடுத்த ஓட்டத்துக்கு ஆயத்தமாகிறது. அந்தப் போராட்டம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குத் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. மெல்லிய நரம்பால் ஒரு மணி நேரம் விளையாடுவது திறமையாகத் தோன்றினாலும் மீனுக்கு அது கொடுமை. ஃப்ளோரிடா 2013 முதல் டார்ப்பனைப் பிடித்து விடுவிக்க மட்டுமே அனுமதிக்கிறது. சாதனைப் பதிவுக்காகத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியவர் மட்டும் விதிவிலக்கு. 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை நீரைவிட்டுத் தூக்கவே கூடாது. நீர் தாங்கிப் பழகிய உடலின் எடை காற்றில் உள்ளுறுப்புகளின் மேல் இறங்கும் என்பதால், பாறைக்கு மேலோ பாலத்துக்கு மேலோ இழுத்துப் படம் எடுப்பது விதிமீறல் மட்டுமன்று.

தெற்கேயுள்ள ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் பாலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. களைத்த டார்ப்பனின் தடுமாற்றத்தைக் காளைச் சுறாவும் சுத்தியல் தலைச் சுறாவும் தொலைவிலிருந்தே உணர்ந்து வருகின்றன. நீருக்கடியில் அந்தப் பழுப்பு நிழல் தெரிந்ததும், பழகியவர்கள் ரீலின் பிரேக்கை முழுவதும் இறுக்கி, நரம்பை அதன் வலிமைக்கு மேல் இழுத்து வேண்டுமென்றே அறுத்துவிடுகிறார்கள். இழுப்பு நின்ற மறுகணம் டார்ப்பன் பாலத் தூண்களுக்கிடையே ஆழ்ந்த நீருக்குள் விரைகிறது; வாய் மூலையில் முள்ளும் அதிலிருந்து ஒரு சாண் லீடரும் தொங்கிக்கொண்டிருக்கும்.